பூட்டு வேண்டுமா, வேண்டாமா?

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு வரையில் ஜி.எஸ்.டி. சாலையில் இப்போது ஜீப் ஜாதி வண்டிகள் ஏகமாகக் கண்ணில் படுகின்றன. அந்த ஜாதியோடு இந்தப் பக்கத்துக்கு உறவும் உண்டு. மகேந்திராவின் ஆராய்ச்சி நிலையம் செங்கற்பட்டுக்கு அருகே மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் இருக்கிறது. மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலையில் 2021 வரையில் 'எண்டவர்' தயாராகி வந்தது.

இத்தகைய வண்டி வாங்க ஒரு வீட்டில் பேச்சு எழுந்துவிட்டால், யஜமானர் நாலு விலைப் பட்டியலோடு வந்து சேருவார். "இதில் டிஃபரன்ஷியல் லாக் இருக்கிறது. விலைதான் கொஞ்சம் கூட!" என்பார்.

"லாக் என்றால் பூட்டுத்தானே? திருடன் கொண்டு போகாமல் இருக்கவா?" என்று அம்மாள் கேட்பாள்.

யஜமானர் சிரிப்பார். ஆனால் விளக்கம் சொல்லச் சொன்னால் பாதிப் பேர் திணறிப் போவார்கள். குடும்பப் பணம் செலவாகிற சமாசாரம். அம்மாளும் தெரிந்து கொள்வது நல்லதல்லவா?

கிணற்று உருளையும் இரண்டு குடமும்

மாட்டு வண்டியின் சக்கரங்கள் அச்சில் தனித்தனியே சுழலுகின்றன. திரும்பும்போது வெளிப்பக்கத்துச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், ஓடிக் கொள்கிறது. மோட்டார் வண்டியிலோ எஞ்சின் இரண்டு சக்கரங்களையும் சுழற்றியாக வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் இடைவெளி இருந்தால், ஒரு தெருமுனை திரும்புவதற்குள் வெளிச் சக்கரம் ஏறக்குறைய 2.4 மீட்டர் கூடுதலாக ஓடுகிறது. இரண்டையும் சேர்த்து இறுக்கிவிட்டால் டயர் தேயும். வண்டி முரண்டு பிடிக்கும்.

இந்தச் சங்கடத்தைத் தீர்க்கும் பல் சக்கரக் கூட்டத்துக்குத்தான் டிஃபரன்ஷியல் என்று பெயர். இருநூறு வருஷங்களுக்கு முன்னால் பிரான்ஸ் தேசத்துக் கடிகாரக்காரர் பெக்கர் என்பவர் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை வாங்கினார்.

இதில் ஒரு குறை உண்டு. கிணற்று உருளை ஒன்றைக் கையில் தூக்கிப் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதன் மேல் ஓடும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகளிலும் இரண்டு குடங்கள். உருளையை உயர்த்தினால் இரண்டும் உயரும். ஒரு முடிச்சு அவிழ்ந்துவிட்டதா? கயிறு சரசரவென்று அந்தப் பக்கம் ஓடிவிடும்; மற்றக் குடம் அசையாது. டிஃபரன்ஷியல் கதையும் இதுவே. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அது மட்டும் வீணாகச் சுழலும். கெட்டித் தரையில் நிற்கும் மற்றச் சக்கரம் சும்மா இருக்கும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில்கூட, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் அந்தரத்தில் தொங்கினால் இதே கதிதான்.

கயிற்றை உருளையோடு அழுத்திப் பிடித்துவிட்டால் மிச்சமிருக்கும் குடம் மேலே வந்துவிடும் அல்லவா? அந்தப் பிடிதான் பூட்டு. வயலில் சேறடிக்கும் டிராக்டரில், டிரைவரின் காலடியில் இதற்கென்றே ஒரு மிதி இருக்கிறது. சக்கரம் வழுக்கும்போது மிதிப்பார். வெளியே வந்ததும் விட்டுவிடுவார்.

இந்த விட்டுவிடுகிற சாமர்த்தியம் முக்கியம். தார்ச் சாலையில் பூட்டோடு திரும்பினால் டயர் தேய்ந்து கதறும். முன் சக்கரத்தில் பூட்டு இருந்தாலோ, ஸ்டியரிங்கைத் திருப்புவதே மல்யுத்தமாகிவிடும்.

பூட்டில் பல ரகம்

ஃபோர்ஸ் கம்பெனியின் கூர்க்காவில் முன்னும் பின்னும் பூட்டு உண்டு. டிரைவர்தான் போட வேண்டும். 2020-ல் வந்த தாரின் சில ரகங்களில் பின் பூட்டு தானாகவே விழுந்துகொள்ளும். 2024-ல் வந்த தார் ராக்ஸின் சில ரகங்களில் பொத்தானை அழுத்த வேண்டும். 2023-ல் வந்த மாருதி ஜிம்னியில் பூட்டே இல்லை. வீணாகச் சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து நிறுத்தி, சக்தியை மற்றச் சக்கரத்துக்கு அனுப்புகிறது. பூட்டைப் போல அவ்வளவு உறுதியில்லை. ஆனால் சாதாரண வழுக்கலுக்குப் போதும். 1985-லிருந்து ராணுவம் வரையில் உழைத்த மாருதி ஜிப்ஸிக்கும், அதற்கு முந்தைய வில்லிஸ் ஜீப்புக்கும் கம்பெனி கொடுத்த பூட்டு எதுவும் கிடையாது.

நம் தெருவில் என்ன நடக்கிறது?

இனி, தாம்பரத்துக்குத் தெற்கேயும் மேற்கேயும் உள்ள நம் வீடுகளுக்கு வருவோம்.

குழாய்க்காகத் தெருவை வெட்டி, மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போகிறார்கள். மழை பெய்ததும் ஒரு பக்கத்துச் சக்கரங்கள் அதில் இறங்கிவிடுகின்றன. இங்கே பூட்டு உதவும், வாஸ்தவம். ஆனால் நல்ல டயரும், பிரேக் உதவியும், இரண்டு அண்டை வீட்டாரும் இருந்தாலும் வண்டி அநேகமாக ஏறிவிடும்.

கோவளம் பக்கத்துக் கடற்கரை மணலில் நாலு சக்கரமும் சேர்ந்தே புதையும். அங்கே முதல் வைத்தியம் டயரில் காற்றைக் குறைப்பது. அதற்குக் காசு செலவில்லை. தார்ச் சாலைக்கு வந்ததும் மறக்காமல் காற்றை நிரப்பிக் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, வெள்ளம். பல வீடுகளில் இந்த ஆசை பிறப்பதே அந்தப் பயத்தினால்தான். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு பெருகி, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடியில் நின்று படகுக்குக் காத்திருந்த குடும்பங்கள் அதை மறக்கவில்லை. "பூட்டுப் போட்ட வண்டி இருந்தால் குழந்தைகளை ஏற்றிக் கொண்டு கிளம்பிவிடலாமே!" என்று தோன்றுவது இயற்கை.

தயவு செய்து அப்படி நினைக்காதீர்கள். பூட்டுக்கும் தண்ணீரின் ஆழத்துக்கும் சம்பந்தமே இல்லை. எஞ்சின் காற்றோடு தண்ணீரை உறிஞ்சினால் உள்ளே தண்டு வளைந்து நின்றுவிடும். தாருக்குக் கம்பெனி சொல்லும் எல்லை 65 சென்டிமீட்டர். ஓடுகிற வெள்ளமோ 60 சென்டிமீட்டர் ஆழத்திலேயே பெரும்பாலான வண்டிகளை அடித்துக் கொண்டு போகும், ஜீப்பும் விலக்கல்ல. அடியில் திறந்த சாக்கடை வாய் எங்கே இருக்கிறது என்று எந்தப் பூட்டும் சொல்லாது. எச்சரிக்கை வந்தவுடன், தெருவில் தண்ணீர் ஏறுமுன், மேட்டுப் பகுதிக்குப் போவதற்குச் சாதாரணக் கார் போதும்.

முடிவு

நீலகிரியிலோ கொல்லிமலையிலோ தோட்டம் துரவு இருந்து, பள்ளம் மேடான மண் பாதையில் அடிக்கடி ஏறி இறங்குகிறீர்களா? ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்குவது அங்கே சகஜம். பின் பூட்டுள்ள வண்டியைத் தாராளமாக வாங்குங்கள். பிற்பாடு வெளியே பொருத்திக் கொள்வதைவிடக் கம்பெனிப் பூட்டே மேல். உத்தரவாதத்தில் தகராறு வராது.

மற்றவர்கள் முதலில் நல்ல டயர் பாருங்கள். பிறகு வண்டியின் வயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று கேளுங்கள். ஒரு உறுதியான இழுவைக் கயிறும், டயருக்குக் காற்றடிக்கும் சின்ன இயந்திரமும் சேருங்கள். இத்தனைக்குப் பிறகும் பூட்டுக்கு வைத்திருந்த பணத்தில் கணிசமாக மிச்சம் நிற்கும்.

அந்த மிச்சத்தை என்ன செய்வது என்று நம் பெண்மணிகளுக்கு நான் யோசனை சொல்ல வேண்டியதில்லை!