மறைத்தேந்தும் கைத்துப்பாக்கி

மறைத்தேந்தும் கைத்துப்பாக்கி என்பது தற்காப்பிற்காக, வெளியே தெரியாதவாறு உடைக்குள் எடுத்துச் செல்லப்படும் சிறிய கைத்துப்பாக்கி ஆகும். இவ்வழக்கம் ஐக்கிய அமெரிக்காவில் பரவலாக உள்ளது. தற்காப்பிற்காகப் பொது இடங்களில் கைத்துப்பாக்கி ஏந்துவது அரசியலமைப்பு காக்கும் உரிமை என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. உரிம விதிகள் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுகின்றன.

அளவும் நம்பகத்தன்மையும்

துப்பாக்கி சிறிதாகும்போது அதை மறைப்பது எளிதாகிறது; சுடுவது கடினமாகிறது. எடை குறைந்தால் பின்னுதைப்பு மிகுதியாக உணரப்படும். குழல் குறுகினால் குறிபார்ப்பதில் நேரும் சிறு பிழையும் பெரிதாகும். தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் வகையில், குழலின் மேலுள்ள நகர்பகுதி பின்சென்று வெற்றுத் தோட்டாவை வெளியேற்றி, திரும்பும்போது புதிய தோட்டாவை உள்ளே தள்ளுகிறது. சிறிய துப்பாக்கியில் இந்நகர்வின் தொலைவும் நேரமும் குறைவு. எனவே தளர்வான பிடியோ பொருந்தாத தோட்டாவோ சிக்கலை உண்டாக்கலாம்.

வகைகள்

* சுழல் துப்பாக்கி: 1950 இல் அறிமுகமான, 5 தோட்டாக்கள் கொள்ளும் சுமித் அண்ட் வெசன் மாடல் 36 இவ்வகையினது. ஒரு தோட்டா வெடிக்காவிடில் விசையை மீண்டும் இழுத்தாலே அடுத்தது குழலுக்கு நேராக வரும். ஆயினும் விசையை இழுக்கக் கூடுதல் வலிமை வேண்டும்.
* தானேற்றத் துப்பாக்கி: ஜெர்மனியின் வால்தர் பிபிகே (1931) இதன் முன்னோடிகளுள் ஒன்று. ஆஸ்திரியாவின் குளொக் 19 (1988) 15 தோட்டாக்களையும், அதைவிடச் சிறிய சிக் சாவர் பி365 (2018) 10 தோட்டாக்களையும் மேகசினில் கொள்ளும். தோட்டா சிக்கினால் கையால் அகற்ற வேண்டும்.

தேர்வு

நம்பகத்தன்மை துப்பாக்கியை மட்டும் சார்ந்ததன்று. மேகசின், தோட்டா, ஏந்துபவரின் கை ஆகியவற்றையும் சார்ந்தது. பயிற்சியில் பயன்படும் உருண்டைமுனைத் தோட்டா தடையின்றி ஏறினாலும், தற்காப்பிற்கான குழிமுனைத் தோட்டா அதே துப்பாக்கியில் சிக்கக்கூடும். ஆகவே, ஏந்தவிருக்கும் அதே தோட்டாக்களைக் கொண்டு பயிற்சிக் களத்தில் பலமுறை சுட்டுப் பார்த்த பின்னரே ஒரு துப்பாக்கியை நம்பலாம்.

பாதுகாப்பு

விசையை முழுதும் மூடும் உறுதியான உறை இன்றியமையாதது. உறையின்றிப் பையில் இடப்பட்ட துப்பாக்கியின் விசையில் வேறொரு பொருள் பட்டாலும் அது வெடிக்கலாம். ஏந்தாத வேளையில் சிறுவர்க்கு எட்டாதவாறு பூட்டி வைத்தல் வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் இறப்புகளுள் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகளே என்பதால், வீட்டில் உள்ளோரின் மனநிலையும் கருதத்தக்கது.