உங்களுக்குத் தெரியுமா? 2022 கட்டணத்தில் ஒரே யூனிட், 233 ரூபாய் வித்தியாசம்!

தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் விலை படிப்படியாக ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காமல் விடுவது 500 என்ற கோட்டை. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை அப்போது 8 ரூபாய்தான். மீதி 225? 101 முதல் 200 வரை பாதி விலைக்குக் கிடைத்த சலுகை கோட்டைத் தாண்டியதும் போய்விடுகிறது! 2024 ஜூலையில் கட்டணம் மேலும் கூடியது.

ஆகவே தேதியைப் பாருங்கள். நாளுக்கு 8 யூனிட் ஓடும் வீட்டில் 60 நாளில் ரீடிங் எடுத்தால் 480. ஒரு வாரம் தள்ளி எடுத்தால் 536. நீங்கள் ஒரு சுவிட்சைக்கூடக் கூடுதலாகப் போட்டிருக்க மாட்டீர்கள். இது நடுத்தரக் குடும்பத்துக்கு உண்மையிலேயே வலிக்கும் விஷயம்.

தேதி சரியாக இருந்தும் பில் எகிறியதா? ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். சின்னச் சிவப்பு விளக்கு அப்போதும் விட்டுவிட்டு மின்னினால், எங்கோ மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது: வயரிங்கில் கசிவு இருக்கலாம், பக்கத்துப் போர்ஷனின் இணைப்பு உங்கள் மீட்டரில் சேர்ந்திருக்கலாம். உடனே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கசிவு என்றால் அது உயிருக்கும் ஆபத்து.