மாற்றியும் கேட்காத சர்வர்

மாணவர்களே, பலர் சேர்ந்து ஒரு செயலியை எழுதும்போது, எல்லாருடைய நிரல்களையும் ஒன்று சேர்த்து, இயங்கும் வடிவாக்கி, சோதித்தும் பார்க்க ஒரு கணினியை ஒதுக்கிவிடுவார்கள். அதுதான் பில்ட் சர்வர். ஜென்கின்ஸ் இவ்வேலைக்குப் பரவலாகப் பயன்படும் மென்பொருள்.

அந்தக் கணினியில் ஜாவா 17ஐ நீக்கி, ஜாவா 21ஐ நிறுவுகிறீர்கள். ஜாவா இருக்கும் இடத்தைச் சொல்லும் ‘ஜாவா ஹோம்’ என்ற அமைப்பையும் திருத்துகிறீர்கள். புதிய கட்டளைச் சாளரத்தில் பார்த்தால் 21 என்றே காட்டுகிறது. ஆனால் ஜென்கின்ஸ் வேலையைத் தொடங்கியதும், ஜாவாவைக் காணோம் என்று நின்றுவிடுகிறது. ஏன்?

‘ஜாவா ஹோம்’, ‘பாத்’ போன்றவை சூழல் மாறிகள். பெயரும் மதிப்பும் கொண்ட சிறு குறிப்புகள். 1979இல் வெளிவந்த யுனிக்ஸின் ஏழாம் பதிப்பிலேயே இவை இருந்தன! ஒரு நிரல் தொடங்கும்போது, அதைத் தொடங்கிவைத்த நிரலிடமிருந்து இக்குறிப்புகளின் நகலைப் பெறுகிறது. அறிவிப்புப் பலகையில் ஆசிரியர் அட்டவணையை மாற்றினாலும், போன வாரம் நீங்கள் எடுத்த நகல் மாறாது அல்லவா? மூன்று மாதமாக நிற்காமல் ஓடும் ஜென்கின்ஸின் கையில் இருப்பதும் பழைய நகல்தான். அது தொடங்கும் ஒவ்வொரு வேலைக்கும் அதையே கொடுக்கிறது.

இங்கே பலர் ஜாவாவை மறுபடி மறுபடி நிறுவி ஒரு நாளை வீணாக்குவார்கள். ஜென்கின்ஸை நிறுத்தித் தொடங்கினாலே பெரும்பாலும் போதும். அப்படியும் மாறாவிட்டால் கணினியையே ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ஜென்கின்ஸ் பெரும்பாலும் வேறொரு பயனர் கணக்கில் ஓடும். உங்கள் கணக்கில் மட்டும் மாற்றிய மதிப்பு அதன் கண்ணில் படாது.

ஊகிப்பதைவிட சர்வரையே கேட்பது மேல். வேலையின் முதல் படியாக, விண்டோஸில் ‘செட்’, லினக்ஸில் ‘என்வ்’ என்ற கட்டளையைச் சேர்த்தால், தன்னிடமுள்ள மாறிகள் அனைத்தையும் அது அச்சிடும். கடவுச்சொல்லும் அதில் வெளிப்படலாம். பார்த்ததும் அந்தப் படியை நீக்கிவிடுங்கள்.

‘பாத்’தைத் தொடுமுன் பழைய மதிப்பை ஒரு கோப்பில் நகலெடுத்து வையுங்கள். விண்டோஸின் ‘செட்எக்ஸ்’ கட்டளை 1024 எழுத்துகளுக்கு மேல் உள்ளதை வெட்டிவிட்டுச் சேமிக்கும். வெட்டுப்பட்ட பகுதியை அந்தக் கோப்பிலிருந்துதான் மீட்க வேண்டியிருக்கும்.