நூற்றுக்கு நூறு ஏன் தோற்கிறது?

ஆவடியிலிருந்து சென்னைக்கு வரும் மின்சார ரயிலிலும், அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பேருந்து நிறுத்தத்திலும், பூவிருந்தவல்லிக் கடைவீதியிலும் கைப்பேசித் திரையை விரலால் படபடவென்று தட்டிக் கொண்டிருக்கும் இளைஞர்களை நீங்கள் பார்த்திருக்கக் கூடும். அவர்களுள் சிலர் ஆடுவது ‘போக்கிமான் கோ’ என்னும் விளையாட்டு. 2016 ஜூலையில் வெளிவந்து, அவ்வாண்டு டிசம்பரில் முறைப்படி இந்தியாவுக்கு வந்தது. தெருத்தெருவாக நடந்து கற்பனை விலங்குகளைப் பிடிப்பதும், வளர்ப்பதும், மற்றவருடைய விலங்குகளோடு மோத விடுவதும்தான் ஆட்டம். சேவற்சண்டை கண்ட நாட்டினருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இவ்விளையாட்டை ஆடும் மாணவர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது: “சார், என்னிடம் இருப்பது மூன்று பிரிவிலும் முழு மதிப்பெண் வாங்கிய விலங்கு. எதிராளியிடம் இருந்ததும் அதே இனம்தான். ஒரு பிரிவில் அதற்குப் பூஜ்யம். ஆனாலும் என்னுடையது தோற்றுப் போயிற்று. இது எப்படி?” கேள்வி விளையாட்டைப் பற்றியது, விடையோ கணக்கில் இருக்கிறது. அதிர்ஷ்டத்துக்கு இதில் அதிகப் பங்கில்லை.

முதலில் எண்களை அறிமுகம் செய்து கொள்வோம். ஒவ்வொரு விலங்குக்கும் மூன்று திறன்கள் உண்டு: தாக்குதிறன், தற்காப்புத்திறன், உயிராற்றல். ஒவ்வொன்றும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை. ஓர் எண் இனத்துக்கு உரியது, அது மாறாது. மற்றொன்று தனி விலங்குக்கு உரிய பிறவி மதிப்பெண். 0 முதல் 15 வரை எதுவாகவும் இருக்கலாம். ஆடுவோர் இதை ‘ஐ.வி.’ என்பார்கள். மூன்று திறன்களுக்கும் பதினாறு பதினாறு வாய்ப்புகள் இருப்பதால், ஒரே இனத்தில் 16 × 16 × 16 = 4096 வகை விலங்குகள் பிறக்கலாம். மூன்றிலும் பதினைந்து பெற்றதைத்தான் ‘நூற்றுக்கு நூறு’ என்று கொண்டாடுகிறார்கள். பிறந்தபின் விலங்கை நிலை நிலையாக வளர்க்கலாம். நிலை உயரும்போது மூன்று திறன்களும் ஒரே பெருக்கு எண்ணால் பெருக்கப்படும்.

இவையெல்லாம் சேர்ந்து ‘சி.பி.’ என்னும் ஒற்றை எண்ணாகத் திரையில் தோன்றுகின்றன. அதைக் கணக்கிடும் விதி இது: தாக்குதிறனை எடுத்துக் கொள்ளுங்கள், தற்காப்பின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள், உயிராற்றலின் வர்க்கமூலத்தாலும் பெருக்குங்கள், பத்தால் வகுத்து, பின்னத்தை விட்டு விடுங்கள். வர்க்கமூலம் என்ற அந்த ஒரு சொல்லில்தான் மாணவரின் கேள்விக்கு விடை ஒளிந்திருக்கிறது.

பந்தயங்களில் மூன்று பிரிவுகள் உண்டு. ஒன்றில் சி.பி. 1500-ஐத் தாண்டிய விலங்குக்கு இடமில்லை, மற்றொன்றில் 2500, மூன்றாவதில் வரம்பே கிடையாது. 1500 வரம்புள்ள பிரிவை எடுத்துக் கொள்வோம். கையில் 1500 ரூபாயோடு கடைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். தாக்குதிறனை இரு மடங்காக்கினால் சி.பி.யும் இரு மடங்காகும். அதற்கு முழு விலை. தற்காப்பை இரு மடங்காக்கினால் சி.பி. ஏறத்தாழ 1.41 மடங்குதான் ஆகும். அது தள்ளுபடிச் சரக்கு. உயிராற்றலும் அப்படியே. ஆனால் களத்தில் தள்ளுபடி கிடையாது. உங்கள் தற்காப்பு இரு மடங்கானால் எதிரியின் ஒவ்வொரு அடியும் ஏறத்தாழப் பாதியாகும். ஆகவே நீங்கள் நிற்கும் நேரம் இரு மடங்கு. உயிராற்றல் இரு மடங்கானாலும் அதே பலன்தான்.

ஒரு விலங்கு சாவதற்குள் எதிரிக்கு விளைவிக்கும் மொத்தச் சேதம் எவ்வளவு? ஒரு நொடியில் விளைவிக்கும் சேதம் தாக்குதிறனுக்கு நேர்விகிதம். நிற்கும் நேரம் தற்காப்பு, உயிராற்றல் இரண்டின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதம். எனவே மூன்று திறன்களையும் நேராகப் பெருக்கி வரும் எண்ணே விலங்கின் உண்மையான பயன். சி.பி. 1500 எனில், தாக்குதிறனையும் மற்ற இரண்டின் வர்க்கமூலங்களையும் பெருக்கினால் 15,000 வரவேண்டும். தாக்குதிறன் 100 என்றால் மற்ற இரண்டின் பெருக்கற்பலன் 150-இன் வர்க்கம், அதாவது 22,500, பயன் 22,50,000. தாக்குதிறன் 120 என்றால் அது 125-இன் வர்க்கம், 15,625, பயன் 18,75,000. இரண்டுக்கும் சி.பி. ஒன்றே. எனினும் மெலிந்த கையுடைய விலங்கு ஐந்தில் ஒரு பங்கு மேல்! பொதுவாகச் சொன்னால், வரம்பைத் தொட்டு நிற்கும் விலங்கின் பயன் அதன் தாக்குதிறனுக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கிறது.

ஒரு மெய்யான விலங்கைக் கொண்டு இதைச் சரி பார்ப்போம். அசுமரில் என்பது நீல நிற முயல் போன்றது. இனத்துக்கு உரிய எண்கள்: தாக்கு 112, தற்காப்பு 152, உயிர் 225. நூற்றுக்கு நூறு அசுமரில் 36ஆம் நிலையிலேயே வரம்பை எட்டி விடுகிறது. அப்போது அதன் தாக்குதிறன் ஏறத்தாழ 97, தற்காப்பு 128, உயிர் 184. தாக்குதலில் பூஜ்யமும் மற்ற இரண்டில் பதினைந்தும் பெற்ற அசுமரில், சி.பி. மெதுவாக ஏறுவதால், 45½ ஆம் நிலை வரை வளர இடமிருக்கிறது. அங்கே அதன் தாக்குதிறன் ஏறத்தாழ 92, தற்காப்பு 137, உயிர் 196. கையில் ஆறு விழுக்காடு குறைவு. தோலிலும் உயிரிலும் ஆறரை ஆறரை விழுக்காடு கூடுதல். மொத்தப் பயனில் ஆறரை விழுக்காடு லாபம். சிறிய லாபம்தான், ஆனால் ஒரே ஓர் அடி மீதமிருக்கும் நிலையில் முடியும் சண்டைகளுக்கு அது போதும். விளையாட்டு தரும் நட்சத்திர மதிப்பீட்டில் இந்த வீரனுக்குக் கிடைப்பவை இரண்டே நட்சத்திரங்கள். நட்சத்திரத்தை நம்பி எத்தனை பேர் இத்தகைய விலங்குகளைத் திரையிலுள்ள பேராசிரியரிடம் அனுப்பித் தொலைத்தார்களோ! அனுப்பியதைத் திரும்பப் பெற வழியில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். வரம்பில்லாத பிரிவில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே நூற்றுக்கு நூறுதான் அரசன். வரம்பை எட்ட முடியாத இனத்துக்கும் அப்படியே. தியானத்தில் அமர்ந்து வலிமை பெறுவதாகச் சொல்லப்படும் மெடிசாம் இதற்குச் சான்று. வளர்ச்சியின் உச்சம் 40ஆம் நிலையாக இருந்த காலத்தில், முழு மதிப்பெண் பெற்ற மெடிசாம்கூட 1431-க்கு மேல் போகாது. எனவே அதில் ஒவ்வொரு மதிப்பெண்ணும் பொன். 2020 நவம்பர் இறுதியில் உச்சம் 50ஆம் நிலைக்கு உயர்ந்தது; முழு மதிப்பெண் மெடிசாம் வரம்பைத் தாண்டலாயிற்று. அதுவரை முதலிடத்தில் இருந்தது ஒரே நாளில் பின்னுக்குப் போயிற்று. விலங்கு மாறவில்லை, விதி மாறியது. 40-க்கு மேல் வளர்ப்பதற்கு வேண்டிய சிறப்பு மிட்டாயைச் சேர்ப்பதும் எளிதன்று. ஆறரை விழுக்காட்டுக்கு அவ்வளவு உழைப்பு தகுமா என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். பரீட்சை நெருங்கும் மாணவருக்குத் தகாது என்பது என் கருத்து.

தாக்குதிறனை அடியோடு அலட்சியம் செய்வதும் தவறு. சேதத்தைக் கணக்கிடும்போது பின்னம் வந்தால் விளையாட்டு அதை வெட்டி எறிந்து, ஒன்றைக் கூட்டுகிறது. கணக்கில் 3.98 வந்தால் சேதம் 4, 4.01 வந்தால் 5. தாக்குதிறனில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான உயர்வு, சேதத்தில் இருபத்தைந்து விழுக்காடு உயர்வைத் தந்து விட்டது. சரிவாக இருக்க வேண்டிய பாதை படிக்கட்டாக இருக்கிறது. ஒளிமின் விளைவைப் பாடம் நடத்துகிறவனுக்கு இதைக் கண்டு சிரிக்காமல் இருக்க முடியவில்லை. மேலும், இருவரும் ஒரே கணத்தில் பெருந்தாக்குதலைத் தொடுத்தால், தாக்குதிறன் மிகுந்த விலங்கே முந்திக் கொள்ளும். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர்கள், குறிப்பிட்ட ஓர் எதிரியின் மீது எந்தப் படியில் ஏற வேண்டும் என்று கணக்கிட்டு, அதற்கு மட்டும் தாக்குதிறனை வைத்துக் கொண்டு, மீதியைத் தற்காப்பில் போடுகிறார்கள்.

ஒரே இனத்துக்குள் தரம் பிரிப்பது இவ்வளவில் முடிகிறது. இனங்களுக்கு இடையில் தரம் பிரிப்பது வேறு கதை. இவ்விளையாட்டில் நெருப்பு, நீர், புல், மின்சாரம் என்று 18 தன்மைகள் உண்டு. நீர் நெருப்பை வெல்லும். நெருப்பு புல்லை வெல்லும். புல்லோ நீரை வெல்லும். இதில் முதலிடம் யாருக்கு? களத்தில் 5 நெருப்பு, 3 புல், 2 நீர் இருக்கின்றன என்போம். நீர் ஐந்தை வென்று மூன்றிடம் தோற்கும்; அதுவே முதலிடம். புல் இரண்டை வென்று ஐந்திடம் தோற்கும், கடைசி இடம். இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு எல்லாரும் நீருக்கு மாற, களம் 5 நீர், 3 நெருப்பு, 2 புல் என்று ஆகட்டும். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்: கடைசியில் கிடந்த புல் முதலிடம்! பட்டியலைப் படித்ததனாலேயே பட்டியல் பொய்யாகி விட்டது.

இயற்கையிலும் இது உண்டு. கலிபோர்னியாவில் வாழும் ஒருவகைப் பல்லியின் ஆண்களுக்குத் தொண்டை நிறம் மூவகை. ஆரஞ்சு நீலத்தை வெல்கிறது, நீலம் மஞ்சளை வெல்கிறது, மஞ்சள் ஆரஞ்சை ஏமாற்றி வெல்கிறது என்று சினெர்வோ, லைவ்லி ஆகிய இருவர் 1996இல் எழுதினார்கள். எந்த நிறம் பெருகுகிறதோ, அதை வெல்லும் நிறம் அடுத்துப் பெருகுகிறது. முதல் போக்கிமான் விளையாட்டு ஜப்பானில் வெளிவந்ததும் அதே ஆண்டுதான்.

அப்படியானால் சதுரங்க வீரர்களை மட்டும் எப்படி ஒரே எண்ணால் வரிசைப்படுத்துகிறார்கள் என்று கேட்கலாம். அம்பத்தூருக்கும் பூவிருந்தவல்லிக்கும் இடைப்பட்ட மேல் அயனம்பாக்கத்தில் பள்ளிப் படிப்பைப் படித்து, 2024 டிசம்பரில் உலக வாகையர் ஆன குகேஷுக்கும், பாடியில் வளர்ந்த பிரக்ஞானந்தாவுக்கும் உரிய தரவெண்கள் அர்பாத் ஈலோ வகுத்த முறையில் வந்தவை. ஈலோ அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் இயற்பியல் ஆசிரியர். எங்கள் சாதிக்காரர் என்று சொல்லிக் கொள்ளலாம். அவர் முறையை உலகச் சதுரங்கக் கழகம் 1970இல் ஏற்றது. 200 புள்ளி மிகுந்தவர் நூறு ஆட்டத்தில் ஏறத்தாழ 76 புள்ளி பெறுவார் என எதிர்பார்ப்பது அதன் அடிப்படை. இரு எண்களின் வேறுபாடு மட்டுமே முடிவைச் சொல்லும் என்று அது கொள்கிறது. நீர், நெருப்பு, புல் மூன்றையும் சம அளவில் மோத விட்டு அம்முறையைப் பயன்படுத்தினால், மூன்றுக்கும் ஒரே தரவெண்தான் கிடைக்கும். யார் யாரை வெல்வார் என்ற செய்தி முழுவதும் அதில் மறைந்து போகும். ஆளுக்குத் தரவெண் பொருந்தும். ஆள் தன் விலங்குகளை மாற்றிக் கொள்ள முடியும். தனி விலங்குக்குப் பொருந்தாது.

இதனால்தான் பந்தயத்துக்கு மூன்று விலங்குகள் கொண்ட அணி வேண்டியிருக்கிறது. பட்டியலின் முதல் மூன்றை அப்படியே எடுப்பது மோசமான வழி. மூன்றுக்கும் பொதுவான ஓர் எதிரி இருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. அசுமரிலை எடுத்தால், அதை வீழ்த்தும் புல், மின்சாரம், நஞ்சு ஆகியவற்றைத் தாங்கக் கூடியதாக இரண்டாவதைத் தேடுங்கள். முதலிரண்டும் அஞ்சுவதை அடிப்பதாக மூன்றாவது அமையட்டும்.

பூஜ்யத் தாக்குதல் விலங்கை எங்கே பிடிப்பது? முட்டையிலிருந்து பொரிப்பவற்றுக்கும், பலர் கூடிப் பெருவிலங்கை வீழ்த்திப் பெறுபவற்றுக்கும் எந்த மதிப்பெண்ணும் பத்துக்குக் குறையாது. பரிசாகக் கிடைக்கும் இவை வரம்புள்ள பிரிவுக்கு ஏற்றவை அல்ல. தெருவில் திரிவதற்கு அத்தகைய கீழெல்லை இல்லை. வானிலையின் துணை பெற்றுத் தோன்றுவதற்கு மட்டும் நான்கு. தாக்குதலில் 3-க்கு மேற்படாமலும் மற்ற இரண்டில் 12-க்குக் குறையாமலும் ஒன்று கிடைக்க, 64 பிடித்தால் சராசரியாக ஒன்று என்று கணக்கு வரும். மற்றொரு வழி நண்பரோடு கைமாற்றிக் கொள்வது. அப்போது மதிப்பெண்கள் புதிதாகக் குலுக்கிப் போடப்படுகின்றன. ஆனால் நட்பு முற்ற முற்றக் குலுக்கலின் கீழெல்லையும் உயர்ந்து, நெடுநாள் நண்பரிடம் ஐந்துக்குக் கீழ் இறங்காது. இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் உயிர் நண்பரை விட நேற்று அறிமுகமானவரே மேல். ஒருமுறை கைமாறியது மறுமுறை கைமாறாது என்பதையும் நினைவில் வையுங்கள்.