ஆதார் எண் உடனே ஏன் வருவதில்லை?

புதிதாக ஆதார் பதிந்ததும் கையில் கிடைப்பது ஒப்புகைச் சீட்டு மட்டுமே. அதில் 28 இலக்கங்கள்: 14 பதிவு எண், மீதி 14 தேதியும் நேரமும். இதைப் பதிவு மையத்துக் கணினியே உருவாக்கிவிடும்.

ஆதார் எண்ணையும் அப்படியே காட்டலாமே? கூடாது. ‘கடைசி எண்ணோடு ஒன்று கூட்டு’ என்று ஒவ்வொரு மையத்துக் கணினியும் தானாகக் கணக்கிட்டால், ஒரே நொடியில் இருவருக்கு ஒரே எண் விழக்கூடும். எண்ணை மையத் தரவுத்தளம்தான் தரவேண்டும், அதுவும் பதிவைச் சேமிக்கும்போது.

ஆதாரில் இன்னொரு படியும் உண்டு. இவர் ஏற்கெனவே பதிந்தவரா என்று கைரேகை, கருவிழியை ஒப்பிட்ட பிறகே 12 இலக்க எண் பிறக்கிறது. வரிசையாக அல்ல, தாறுமாறாக. இந்த வேலைகள் நடக்கும் தரவு மையங்கள் பெங்களூரிலும் மானேசரிலும் உள்ளன. ஆதார் எண்ணின் கடைசி இலக்கம், தட்டச்சுப் பிழையைப் பிடிக்கும் சோதனை இலக்கம்.

எண் வரும்வரை சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.