காஞ்சியை ஆண்ட வெண்கலக் காளை

காஞ்சிபுரத்தில் உலோகத்தால் ஆன விலங்கு எது என்று கேட்டால், வரதராசப் பெருமாள் கோயில் பல்லியைத்தான் எவரும் சொல்வார்கள். கூரையில் பதிந்திருக்கும் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்க வெளியூர்களிலிருந்தும் மக்கள் வந்து வரிசையில் நிற்கிறார்கள். இந்த ஊரைத் தலைநகராகக் கொண்டு பல்லவர்கள் ஆண்ட காலத்தில், அரசனின் ஆணையைச் செல்லுபடியாக்கிய உலோக விலங்கு வேறொன்று. அது காளை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுதான்.

காஞ்சிக்கு அருகிலுள்ள கூரம் கிராமத்துச் செப்பேடுகளில் அந்தக் காளை இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் கூரத்துச் சிவன் கோயிலுக்குக் கொடுத்த கொடையை அவை பதிவு செய்கின்றன. சாளுக்கிய விக்கிரமாதித்தனோடு நடந்த போரின் வருணனையும் உண்டு. கோயில் மண்டபத்தில் பாரதம் படிப்பதற்குச் செய்த ஏற்பாடும் உண்டு. கல்வெட்டறிஞர் ஹுல்ச் 1890இல் இவற்றைப் படித்துப் பதிப்பித்தார். ஏழு ஏடுகளையும் கோத்த வளையத்தின் முத்திரையில் காளையும் அதன் மேல் லிங்கமும் பொறிக்கப்பட்டுள்ளன. காரைக்காலுக்கு அருகே கிடைத்த, இரண்டாம் நந்திவர்மனின் காசாக்குடிச் செப்பேட்டிலும் இதே காளைதான். பல்லவ மன்னன் ராசசிம்மன் வெளியிட்ட காசுகளிலும் அதுதான்.

இந்த முத்திரை வெறும் அலங்காரமல்ல, பூட்டு. ஏடுகளில் துளையிட்டு வளையத்தைக் கோத்த பிறகு, அதன் இரு முனைகளையும் முத்திரையின் அடிப்பகுதியில் பற்றவைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வளையத்தை அறுக்காமல் ஓர் ஏட்டை உருவவும் முடியாது, புதிதாக ஒன்றைச் செருகவும் முடியாது. நிலத்தின் நான்கெல்லையும் வரிவிலக்கும் எழுதிய ஆவணத்தில் யாரும் கைவைக்காமல் காவல் காத்தது அந்தக் காளை. பிற்காலத்தில் ஆய்வாளர்கள் பல செப்பேடுகளைப் படியெடுப்பதற்கே வளையத்தை அறுக்க வேண்டியிருந்தது.

எழுதும் ஏடு செம்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. செம்பு மென்மையானது, தட்டினால் தகடாகும், உளிக்கு இணங்கும். உருவம் வார்ப்பதற்கு மட்டும் தனிச் செம்பு சரிவராது. அது உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். உருகியபின் குமிழி பிடிக்கும், அச்சின் நுண்ணிய இடுக்குகளில் எளிதில் பாயாது. பத்து விழுக்காடு வெள்ளீயம் சேர்த்தால் ஏறக்குறைய 1000 டிகிரியிலேயே முழுதும் உருகிவிடும், ஆறியபின் கடினமும் கூடும். சிறிது காரீயமும் கலந்தால் இன்னும் நன்றாகப் பாயும். சோழர் காலத் திருமேனிகள் பலவற்றில் இந்த மூன்றும் கலந்திருப்பதை வேதியியல் பகுப்பாய்வுகள் காட்டியுள்ளன. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சுட்டு, மெழுகு வடிந்த இடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை சுவாமிமலையில் இன்றும் நடக்கிறது. மெழுகின் எடையிலிருந்தே உலோகத்தின் அளவைக் கணக்கிடும் வழியை 12ஆம் நூற்றாண்டின் மானசோல்லாசம் என்னும் நூல் சொல்கிறது.

இதே மெழுகு வார்ப்பில் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் அரசவை ஒரு பெரிய விலங்குக் கூட்டத்தையே படைத்தது. இன்றைய நைஜீரியாவில் இருந்த அந்த நாட்டில் ஓபா எனப்படும் அரசனுக்குரிய விலங்கு சிறுத்தை. உள்ளே கூடாக வார்த்த சிறுத்தையில் நீர் நிரப்பி, அதன் மூக்குத் துளை வழியே ஊற்றி அரசன் கைகழுவினான். பெனின் வெண்கலம் என்று உலகம் சொன்னாலும் அவற்றில் பெரும்பாலானவை செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளை. போர்த்துகீசிய வணிகர்கள் கொண்டுவந்த குதிரை லாட வடிவப் பித்தளை வளையங்களை உருக்கியே பலவற்றைச் செய்தார்கள். அந்தப் பித்தளை செருமனியின் ரைன் பகுதியைச் சேர்ந்தது என்பதை, மூழ்கிய கப்பல்களில் கிடைத்த வளையங்களின் காரீய ஐசோடோப்புகளை ஒப்பிட்டு 2023இல் செருமானிய ஆய்வாளர்கள் நிறுவினார்கள். 1897இல் பிரிட்டிஷ் படை பெனின் அரண்மனையைச் சூறையாடி ஆயிரக்கணக்கான கலைப்பொருட்களை அள்ளிச் சென்றது. அவற்றுள் ஒன்றான சேவல் சிலையை கேம்பிரிட்ஜின் ஜீசஸ் கல்லூரி 2021இல் திருப்பிக் கொடுத்தது.

பெனினில் விலங்கே அரசன். தமிழ்நாட்டிலோ வார்ப்புக் கலையின் பெருமை முழுவதும் தெய்வத் திருமேனிக்குப் போனது; விலங்கு அதற்கு வாகனமாக நின்றது. தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ள திருவெண்காட்டு ரிஷபவாகனர் 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தவர். காலை மாற்றி ஒயிலாக நிற்கும் சிவன், ஒரு கையைக் காளையின் மேல் ஊன்றியிருக்க வேண்டும். காளையைக் காணோம். கை வெறும் காற்றில் நிற்கிறது. அந்தச் சிலையைப் புகழ்ந்து எழுதுபவர்கள் பாம்பு சுற்றிய தலைப்பாகையின் அழகைப் பக்கம் பக்கமாகச் சொல்கிறார்கள். தொலைந்த காளைக்கு ஒரு வரிக்கு மேல் ஒதுக்குவதில்லை. அது பெரிய குறை. அந்தக் கைக்கும் உடலின் சாய்வுக்கும் பொருள் தருவதே அந்தக் காளைதான்.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் முதலில் தேடுவது நடராசரை. கூரத்திலேயே கிடைத்த பல்லவர் கால நடராசரும் அங்கு உண்டு. கட்டாயம் பார்க்க வேண்டிய திருமேனி. அப்படியே செப்பேடுகளையும் பாருங்கள். 1905இல் கண்டெடுத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகளின் 31 ஏடுகளைக் கோத்த வளையத்தில் ராசேந்திர சோழனின் புலியும் இரு மீன்களும் வில்லும் ஒரே முத்திரையில் இருக்கின்றன. பாண்டியனையும் சேரனையும் அடக்கியதைச் சொல்ல அந்த அரசனுக்கு வேறு சொல் தேவைப்படவில்லை. இத்தகைய முத்திரைகளைப் பெரிதாக்கிய வார்ப்பு நகல்களாகச் செய்து, சுவாமிமலைச் சிற்பிகளின் கைவண்ணத்திலேயே, காஞ்சிபுரத்தில் மாணவர்கள் தொட்டுப் பார்க்கும்படி அரசு வைக்க வேண்டும். பல்லவக் காளைக்கு அதில் முதலிடம் தர வேண்டும்.