கடிகாரம் நிற்காத பந்தயம்

சைக்கிள் பந்தயம் என்றால் எல்லாம் கால்களின் வேலை என்றுதான் தோன்றும். ஆனால் 4,800 கிலோமீட்டர் ஓட்ட வேண்டிய பந்தயத்தில் முதலில் கைவிடுவது கழுத்தாகக்கூட இருக்கலாம். ஹேண்டில்பார் மேல் குனிந்தபடி சாலையைப் பார்க்க வேண்டுமானால், தலையை நாள் முழுக்க நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும். தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 5 கிலோ. சில நாட்களில் பின்கழுத்துத் தசைகள் ஓய்ந்துபோகின்றன. வலி மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். இங்கே தலையே நிற்பதில்லை, மோவாய் மார்பில் போய் இடிக்கிறது. காலில் தெம்பு இருக்கிறது, மூச்சு சீராக இருக்கிறது, எதிரே வரும் லாரி மட்டும் கண்ணில் படுவதில்லை. ஒரு கையால் மோவாயைத் தாங்கிக்கொண்டு ஓட்டியவர்கள் உண்டு. ஹெல்மெட்டின் பின்பக்கத்தை எலாஸ்டிக் பட்டையால் முதுகோடு இழுத்துக் கட்டியவர்களும் உண்டு.

இந்தக் கோளாறுக்கு 'ஷெர்மர் கழுத்து' என்றே பெயர் வந்துவிட்டது. இதற்கு ஆளான மைக்கேல் ஷெர்மர், 1982-இல் அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் முதல் பந்தயத்தில் இறங்கிய நால்வரில் ஒருவர். கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா கடற்கரையில் கிளம்பி நியூயார்க் வரை ஓட்டினார்கள். வென்ற லான் ஹால்டிமேனுக்குப் பத்து நாட்கள்கூட முழுதாக ஆகவில்லை. 'ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா' என்ற பெயரில் இன்றும் நடப்பது அந்தப் பந்தயம்தான்.

டூர் டி பிரான்ஸில் ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்கும் பிறகு மசாஜ், சாப்பாடு, ஹோட்டல் கட்டில் எல்லாம் உண்டு. இங்கே கடிகாரம் நிற்பதே இல்லை. எப்போது தூங்குவது, எவ்வளவு தூங்குவது என்பது ஓட்டுபவர் பாடு. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால் 25 கிலோமீட்டர் போச்சு. எட்டு இரவுகளுக்குக் கணக்குப் போட்டால் 200 கிலோமீட்டர்! அதனால்தான் முன்னணி வீரர்கள் நாளுக்கு ஒரு மணி நேரத் தூக்கத்தோடு எழுந்துவிடுகிறார்கள்.

மூளை இதைச் சும்மா விடுவதில்லை. உறங்க விடாவிட்டால் விழித்திருக்கும்போதே சில விநாடிகள் தானாக உறங்கிக்கொள்கிறது. கனவில் வரவேண்டியதைத் திறந்த கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. 1983 பந்தயத்தில் நெப்ராஸ்கா மாநிலத்தைக் கடக்கும்போது, பளிச்சென்ற விளக்குகளோடு துணைக்குப் பின்னால் வந்த தன் குழுவின் வேனை விண்கலம் என்றே ஷெர்மர் நம்பினார். இறங்கி வந்த தன் குழுவினர் வேற்றுக்கிரகவாசிகளாகத் தெரிந்தார்கள். ஒன்றரை மணி நேரம் தூங்கி எழுந்ததும் தெளிந்துவிட்டது. மூடநம்பிக்கைகளை ஆராயும் 'ஸ்கெப்டிக்' பத்திரிகையைப் பின்னாளில் தொடங்கியவர் இவர்தான். நேரில் கண்டேன் என்பவர் பொய் சொல்லாமலே தவறாகச் சொல்ல முடியும் என்பதற்குத் தன் அனுபவத்தையே அவர் சான்றாக எழுதியிருக்கிறார்.

ஸ்லோவேனியாவின் ராணுவ வீரர் யூரே ரோபிச் ஐந்து முறை வென்றவர். சாலையோரத் தபால் பெட்டிகளை எதிரிகள் என்று நினைத்து, சைக்கிளை விட்டு இறங்கிச் சண்டைக்குப் போயிருக்கிறார். எங்கே நிற்பது, எப்போது சாப்பிடுவது என்பதையெல்லாம் அவருக்காகக் குழுவே முடிவு செய்தது. மிதிப்பது மட்டும்தான் அவர் பொறுப்பு.

இந்தக் கூட்டுவேலையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஆஸ்திரியாவின் கிறிஸ்டோஃப் ஸ்ட்ராசர். ஆறு முறை வென்றிருக்கிறார். 2014-இல் 7 நாள் 15 மணி 56 நிமிடத்தில் அமெரிக்காவைக் கடந்தார். மெல்லவும் செரிக்கவும் நேரம் பிடிக்கும் என்பதால் அவர் உணவு பெரும்பாலும் திரவம்தான்.

துணைக்கு யாருமே இல்லாத பந்தயங்கள் தனி வகை. சைக்கிள் வீரர் மைக் ஹால் 2013-இல் ஐரோப்பாவில் தொடங்கிய 'டிரான்ஸ்கான்டினென்டல்' பந்தயத்தில் பின்னால் வேன் வராது. சாப்பாடு வழியில் கிடைக்கும் கடையில். பஞ்சர் ஆனால் தானே ஒட்ட வேண்டும். மின்சாரத்துக்குப் பலரும் நம்புவது ஹப் டைனமோவை. நம் பழைய சைக்கிள்களில் டயரை உரசிச் சுழன்ற டைனமோ, இங்கே முன்சக்கரத்தின் நடுவே குடியேறிவிட்டது. சக்கரம் சுழலச் சுழல, காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்து சுமார் 3 வாட் தருகின்றன. இரவில் விளக்கு, பகலில் ஜி.பி.எஸ். கருவிக்கு சார்ஜ். மலையேற்றத்தில் சக்கரம் மெதுவாகச் சுழன்றால் மின்சாரமும் குறைந்துவிடும். குழுவின் தயவில் வென்ற ஸ்ட்ராசர், 2022-லும் 2023-லும் இந்தப் பந்தயத்தைத் தனியாளாக வென்று காட்டினார்.

தனியே ஓட்டுபவரின் தவறைத் திருத்த பக்கத்தில் ஆளில்லை. 2016-இல் ஓரிகனிலிருந்து வர்ஜீனியா வரை நடந்த 'டிரான்ஸ் ஆம்' பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில், முன்னணியில் இருந்தவர் கொஞ்ச நேரம் தூங்கி எழுந்து, திசை குழம்பி, வந்த வழியிலேயே திரும்பி ஓட்டத் தொடங்கினார். எதிரே வந்தவர் இரண்டாம் இடத்தில் இருந்த அமெரிக்கப் பெண் லேல் வில்காக்ஸ். இருவரும் சேர்ந்தே முடிக்கலாமா என்று வழி தவறியவர் கேட்டார். இது பந்தயம் ஆயிற்றே என்று சொல்லிவிட்டு, வில்காக்ஸ் மிதியை அழுத்தினார். 18 நாள் 10 நிமிடத்தில், ஆண் பெண் அனைவருக்கும் முதலாக யார்க்டவுனை அடைந்தார்.